பெண் பிள்ளைகளின் வளர்த்தியும் பருவ வயதும்

"மகள் பெரிய பிள்ளை ஆகிவிட்டாள், ஆனால் உயரம் போதவில்லை. இனி என்ன கொடுக்கலாம்?" என்று தாய்மார்கள் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். வயதுக்கு வந்த பிறகுதான் பிள்ளை கிடுகிடுவென வளரும் என்பது நம் வீடுகளில் பரவியுள்ள எண்ணம். நடப்பது நேர்மாறு. வளர்த்தி முன்னே வருகிறது, மாதவிடாய் அதன் பின்னே வருகிறது.

ஐந்தாறு வயதுக்குப் பிறகு பெண் குழந்தை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வாள். பருவத்தின் முதல் அடையாளம் மார்பு மொட்டு விடுவது. பெரும்பாலோருக்கு இது 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தெரியும். அப்போதே வளர்த்தி வேகமெடுத்து, உச்சத்தில் ஆண்டுக்கு 8 செ.மீ. வரை போகும். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்தே முதல் மாதவிடாய் வருகிறது. அதற்குள் வேகம் தணிந்திருக்கும். பிறகு பெரும்பாலான பிள்ளைகள் கூடுவது 5 முதல் 7 செ.மீ. வரைதான்.

காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு. கை கால் எலும்புகளின் நுனியில் உள்ள குருத்தெலும்பில்தான் வளர்த்தி நடக்கிறது. அதைத் தூண்டுவதும் இந்தச் சுரப்புதான், இறுதியில் அதை இறுகச் செய்து மூடுவதும் இதுதான். மூடிய பிறகு எந்தப் பொடியும் டானிக்கும் அதைத் திறக்காது. உயரம் கூட்டும் என்று விளம்பரம் செய்யும் டப்பாக்களுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இதனால்தான் சீக்கிரம் பருவமடையும் பிள்ளை நான்காம் வகுப்பில் எல்லோரையும் விட உயரமாக இருந்து, ஒன்பதாம் வகுப்பில் தோழிகளுக்குப் பின்தங்குகிறாள். தாமதமாகும் பிள்ளை அப்போதும் வளர்ந்துகொண்டிருப்பாள். பெற்றோரின் உயரமும் இதில் உண்டு. தந்தையின் உயரத்தில் 13 செ.மீ. கழித்து, தாயின் உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுத்தால் மகளின் உயரம் தோராயமாகத் தெரியும். தந்தை 168, தாய் 152 என்றால் 153.5 வரும். அந்த வீட்டில் 165-ஐ எதிர்பார்த்து மகளைக் குறை சொல்வது அநியாயம்.

பிள்ளை உட்கார்ந்ததும் உளுந்தங்களி, நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய் என்று கவனிக்கிறோம். நல்ல வழக்கம்தான், ஆனால் அதே கவனிப்பு எட்டு, ஒன்பது வயதிலேயே தேவைப்பட்டது. முட்டை, பால், பருப்பு, மீன், கீரை ஆகியவற்றை அண்ணன் தம்பிக்கு வைக்கும் அளவு அவளுக்கும் வையுங்கள். மாதவிடாய் தொடங்கியபின் இரும்புச்சத்தின் தேவை கூடும். நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்கிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறாளா என்று கேளுங்கள். புதிதாக நோன்பு கடமையானவள் ஸஹரை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்ஹு நூல்களில் ஹைள் வரும் குறைந்தபட்ச வயது ஏறத்தாழ 9 சந்திர ஆண்டுகள். நம் நாட்காட்டியில் அது 8 வயது 9 மாதம். மருத்துவர்களின் எல்லையும் தூரத்தில் இல்லை. 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தாலோ, 13 வயதாகியும் வளராவிட்டாலோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருவத்துக்கு முன் ஆண்டுக்கு 4 செ.மீ. கூட வளராத பிள்ளையையும் காட்டுங்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது தெரியும். மிகச் சீக்கிரம் பருவம் தொடங்கியிருந்தால் ஊசி மூலம் சில காலம் நிறுத்தி வைக்க முடியும். ஆனால் எலும்பு முதிர்ந்த பிறகு போனால் அதில் பயன் குறைவு. வெட்கப்பட்டு மூடி மறைக்கும் மாதங்கள் பிள்ளையின் உயரத்திலிருந்துதான் கழிகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயரம் நின்ற பிறகும் இடுப்பெலும்பு சில ஆண்டுகள் விரிந்துகொண்டிருக்கிறது. "பெரிய பிள்ளை ஆகிவிட்டாளே" என்று படிப்பை நிறுத்தி மணம் பேச வருபவர்களிடம் நாம் இதைத்தான் சொல்கிறோம். பிரசவத்தைத் தாங்கும் உடல் இன்னும் தயாராகவில்லை, 18 வயதுக்கு முன் சட்டமும் அனுமதிக்காது.

மகளுக்கு எட்டு வயதானால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, செருப்பில்லாமல் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து தேதியுடன் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.