கம்பியில்லா அகலப்பட்டை மோடத்தின் நெறிமுறைகளும் அணுகல் கட்டுப்பாடும்

முன்னுரை

கைப்பேசி வலையமைப்பிலிருந்து இணையத்தைப் பெற்று, வைஃபை வழியே பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் மோடம் இன்று துறை அறைகளிலும் ஆய்வாளர் விடுதிகளிலும் இயல்பாகக் காணப்படுகிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் 'மேக் வடிகட்டி' என்றொரு பகுதி உண்டு. அனுமதிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை அதில் பதிந்துவிட்டால் அயலார் நுழைய இயலாது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. அவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று என்பதையும், காப்பு உண்மையில் எங்கு அமைகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மேக் முகவரியின் இயல்பு

வலைக் கருவி ஒவ்வொன்றும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரியால் அறியப்படுகிறது. பதினறும முறையில் அது 12 இலக்கங்களாக எழுதப்படும். வைஃபையில் செய்தியின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டாலும், அனுப்புநர், பெறுநர் முகவரிகளைத் தாங்கும் தலைப்பகுதி மறைக்கப்படுவதில்லை. மடல் உறைக்குள் இருப்பினும் உறைமேலுள்ள முகவரி எல்லார் கண்ணுக்கும் தெரிவதைப் போன்றதே இது. அருகிலிருந்து அலைகளைக் கவனிக்கும் ஒருவர், அனுமதி பெற்ற முகவரியொன்றை அறிந்து, தம் கணினியின் முகவரியை அவ்வாறே மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு ஓரிரு கட்டளைகளே போதும்.

அயலாரைத் தடுக்காத இப்பட்டியல் உரியவரையே தடுத்துவிடுவதும் உண்டு. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 ஆகியன முதலாகக் கைப்பேசிகள், பயனரின் தனியுரிமை கருதி, வலையமைப்புதோறும் வேறுபடும் தற்போக்கு முகவரியைக் காட்டுகின்றன. முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பின், அது உற்பத்தியாளர் அளித்ததன்று என அறியலாம். பெட்டியின்மீது அச்சிட்ட முகவரியைப் பட்டியலில் பதிந்துவிட்டு, ஆய்வாளரின் கைப்பேசி இணையாதது ஏன் என வியப்பவர் பலர்.

மறைகுறியாக்க நெறிமுறை

ஆகவே, வாயிலைக் காப்பது மறைகுறியாக்க நெறிமுறையே. 1997இல் வகுக்கப்பட்ட டபிள்யூஇபி, ஆர்சி4 முறையைக் கையாண்ட விதத்திலிருந்த குறையினால் 2001இல் ஃபுளூரர், மான்டின், ஷமிர் ஆகிய மூவரின் ஆய்வில் உடைந்தது. இடைக்கால ஏற்பாடாக 2003இல் டபிள்யூபிஏவும், ஏஇஎஸ் முறையுடன் 2004இல் டபிள்யூபிஏ2வும் வந்தன. மோடத்தில் 'டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 கலப்பு' என்னும் தெரிவு இருப்பின் அதை விடுத்து, ஏஇஎஸ் மட்டும் உள்ளதைத் தெரிதல் வேண்டும்.

எனினும் டபிள்யூபிஏ2விலும் ஒரு நுட்பமான இடர் உண்டு. கருவி இணையும் கணத்தில் நிகழும் கைகுலுக்கலைப் பதிவுசெய்துகொண்டவர், பின்னர் மோடத்தின் அருகிலும் இல்லாமல், ஊகித்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். நெறிமுறை 8 முதல் 63 எழுத்துகள் வரை இடந்தருகிறது. எட்டோடு நின்றுவிடுவது சிக்கனமாகாது. 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இத்தகைய தொலைச் சோதனைக்கு வழி விடுவதில்லை.

கடவுச்சொல் எத்துணை நீண்டிருப்பினும் டபிள்யூபிஎஸ் பின் முறை செயலில் இருந்தால் பயனில்லை. அதன் எட்டு இலக்க எண்ணில் இறுதி இலக்கம் சரிபார்ப்புக்குரியது. முற்பாதியும் பிற்பாதியும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. எனவே தேவைப்படும் முயற்சிகள் மிகுதியாயினும் 10,000 + 1,000, அதாவது 11,000 மட்டுமே. 2011இல் வெளிப்பட்ட இக்குறைக்குத் தக்க தீர்வு, அம்முறையை அணைத்து வைப்பதே.

இணையத்தை நோக்கிய பக்கம்

ஐபிவி4இல் உள்ளகக் கருவிகள் 192.168 எனத் தொடங்கும் தனி முகவரிகளைப் பெறுவதால், முகவரி மாற்றமே வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு ஒரு தடையாகிவிடுகிறது. ஐபிவி6இல் அத்தடை இல்லை. கருவி ஒவ்வொன்றும் உலகளாவிய முகவரியையே பெறும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே இயக்குவோர், ஐபிவி6க்குரிய தீயரண் உள்வரும் இணைப்புகளைத் தடுக்கிறதா என்பதைத் தனியே நோக்குதல் வேண்டும். தொலைநிலை மேலாண்மையை அணைப்பதும், தொழிற்சாலை அளித்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும் அதே அமர்விலேயே செய்து முடிக்கத் தக்கவை.