மலையேறிய பீரங்கி!

போரிலே வெல்வது படைபலமா, மன உறுதியா? இரண்டும் வேண்டும் என்போம் நாம். மூன்றாவது ஒன்றும் வேண்டும். அதுதான் கற்பனை!

கவிஞனுக்கல்லவா கற்பனை, களத்திலே அதற்கென்ன வேலை என்று கேட்போர் டியன் பியன் பூவைப் பார்க்கட்டும்.

வியட்நாமின் வடமேற்கே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. 1953 நவம்பர் 20ஆம் நாள் பிரெஞ்சு வீரர்கள் பாரசூட்டில் வந்து குதித்தனர். விமானத்தளம் அமைத்தனர், அரண்கள் எழுப்பினர். வியட்மின் படையை அங்கே இழுத்து நசுக்கிவிடலாம் என்பது தளபதி நவாரின் கணக்கு. மலைமீது பீரங்கியை ஏற்ற முடியாது, ஏற்றினாலும் அதன் வாயை அடைத்துவிடலாம் என்று நம்பினார் பீரங்கிப் படைத் தலைவர் பிரோ.

லாரி ஏறாத மலையில் மனிதன் ஏறுவான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை!

எண்ணிப் பார்த்தவர் கியாப். போர்க் கல்லூரி வாசலை மிதிக்காதவர். வரலாறு கற்பித்த ஆசிரியர். பீரங்கிகளைக் கயிறு கட்டிக் கையாலேயே இழுத்தனர் அவருடைய வீரர்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவரும் உழைப்பாளரும், ஆணும் பெண்ணுமாய்ச் சுமை தூக்கினர். மிதிவண்டியிலே மூங்கிலைக் கட்டி, 200 கிலோவுக்கும் மேல் ஏற்றித் தள்ளிச் சென்றனர்.

1954 ஜனவரி இறுதி. தாக்குதலுக்கு எல்லாம் ஆயத்தம், வீரர்கள் துடிக்கின்றனர். அந்த நேரத்தில், நிறுத்துங்கள் என்றார் கியாப். பாடுபட்டு இழுத்த பீரங்கிகளைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார்!

கோழைத்தனமா? அல்ல! அவசரப்பட்டால் படை அழியும் என்று கண்ட தெளிவு. பாய்வதற்கு வேண்டிய உறுதியைவிடப் பொறுப்பதற்கு வேண்டிய உறுதி பெரிது. மலையைக் குடைந்து பீரங்கிகளை மறைத்தனர். பதுங்குகுழிகளை வெட்டி முன்னேற வழி வகுத்தனர்.

மார்ச் 13இல் மலை முழங்கிற்று. விமானத்தளம் பயனற்றுப் போயிற்று. பிரோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். மே 7இல் கோட்டை வீழ்ந்தது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு துவங்கிற்று.

விலை சிறிதல்ல. ஆயிரமாயிரம் வீரர்கள் மாண்டனர். அதை மறந்து வெற்றி பாடுவது அறமல்ல.

தோழர்களே! உறுதியில்லாக் கற்பனை பகற்கனவு. கற்பனையில்லா உறுதியோ, சுவரிலே முட்டிக்கொள்ளும் தலை. இரண்டும் இணைந்த இடத்திலேதான் மலையும் வழிவிடும்!