வடித்துக் கொட்டும் சத்து

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டையைச் சுற்றிய சிற்றூர்களில், வீட்டுக் கொல்லைகளில் முருங்கை தழைத்து நிற்கக் காண்கிறோம். ஆயினும், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். கீரை மட்டுமே இதனைத் தீர்த்துவிடாது. சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். எனினும், உண்ணும் கீரையின் பயன் வீணாகாமல் காப்பது நம் கையில் உள்ளது.

கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்தால், நீரில் கரையும் சத்துகள் அதனோடு போய்விடும். ஆகவே, முதலில் அலசிப் பின் உருவுக. எண்ணெயில் கடுகும் வெங்காயமும் தாளித்து, கீரையிட்டு, ஒரு கை நீர் தெளித்து மூடி, சில நிமிடங்களில் இறக்குக. எண்ணெய், கீரையிலுள்ள கரோட்டின் உடலிற் சேர உதவும். இறக்கியபின் பிழியும் எலுமிச்சைச் சாறு இரும்புச்சத்து சேரத் துணைபுரியும். உணவுடன் தேநீர் அருந்துவதோ அதனைத் தடுக்கும்.

மாலைச் சிற்றுண்டிக்கு அடை ஏற்றது. கல்வராயன் மலையில் விளையும் சாமை இரு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு ஊறவைத்து, மிளகாய், உப்புடன் கொரகொரப்பாக அரைத்து, முருங்கையிலை கலந்து வார்க்கலாம். குழந்தைகள் விரும்பி உண்பர்.

ஊராட்சி உறுப்பினர்கள் அங்கன்வாடி தோறும் இரண்டு முருங்கைப் போத்துகள் நடச்செய்வார்களாக. செலவு சிறிது, பயனோ பெரிது.