வெள்ளெழுத்து அறுவைக்குப் பிறகு

நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை கெட்டிப்பட்டு, கிட்டத்துப் பொருளுக்குக் குவிய மறுக்கிறது. அதுவே வெள்ளெழுத்து. என்னைப்போல் பல குவிய வில்லை பொருத்திக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூன்றாம் வாரம் குடும்பத்தோடு பொன்முடி போனோம். 22 கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளையும் கண்ணாடியின்றிப் படித்தேன். மேலே மேகம் இறங்கி இருட்டியதும் பேரனின் தமிழ்ப் புத்தகத்தில் 'க'வும் 'க்'கும் ஒன்றாகிவிட்டன. அவனுக்குத் தமிழ் வாத்தியார் நான்தான்! செலவெல்லாம் வீணோ என்று பயந்தேன்.

1949-ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகப் பொருத்திய செயற்கை வில்லைக்கு ஒரே குவியம். இதுவோ ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போடுகிறது. படிப்புக்கு ஒரு பங்குதான். ஆகவே மங்கிய இடத்தில் எழுத்தின் கருமை குறைந்து, முதலில் மறைவது நம் மெய்யெழுத்தின் புள்ளி. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் இதனால்தான். மூளை பழகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். எனக்கு மூன்றாம் மாதம் புள்ளிகள் திரும்பின.

தோளுக்குப் பின்னிருந்து நல்ல வெளிச்சம் விழும்படி தினமும் கொஞ்சம் படியுங்கள். கண் உலர்ந்தாலும் எழுத்து கலங்கும். டாக்டர் சொன்ன சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள். வலியோ, சிவப்போ, திடீர் மங்கலோ கண்டால் அன்றே காட்டுங்கள். பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருந்தால் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.