உங்களுக்குத் தெரியுமா? ‘ப’ வடிவில் ஒரு பழுப்புக் கறை

ஒரே கட்டத்தில் உள்ள இரண்டு இரைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு ஒரே மருந்து ஒரே பலனைத் தரும் என்றில்லை. யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள்தான் பயோமார்க்கர்கள்.

அவற்றில் முக்கியமானது ஹெர்2 புரதம். எண்டோஸ்கோபியில் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். செல்லின் ஓரத்தில் பழுப்பு நிறம் அழுத்தமாகப் படிந்தால் மதிப்பெண் 3+. மங்கலான 2+ என்றால் மரபணுச் சோதனையும் தேவை. மார்பகப் புற்றில் இந்தக் கறை செல்லைச் சுற்றி வளையமாக விழும். இரைப்பையிலோ பெரும்பாலும் மேல்பக்கம் திறந்த ‘ப’ போல! கட்டியின் ஒரு மூலையில் இருக்கும், மறுமூலையில் இருக்காது. ஆறு, எட்டு துணுக்குகள் எடுப்பது அதனால்தான், டாக்டரைக் கோபிக்காதீர்கள்.

ஹெர்2 உள்ள, நோய் முற்றியவர்களுக்குக் கீமோவுடன், அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்த ‘டோகா’ ஆய்வில் (2010), இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. பெரிய தாவல் இல்லைதான். ஆனால் வழி திறந்தது.

1965-இல் அறியப்பட்ட சிஇஏ போன்ற ரத்தக் குறிகளும் உண்டு. புகைபிடிப்பவர்களுக்கும் அது கூடும் என்பதால், தனியாக நம்ப முடியாது.

இத்தகைய குறிகளை அளப்பதில் காரைக்குடிக்கு என்ன பங்கு? வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அங்கே அடிக்கல் நாட்டிய ‘சிக்ரி’ ஆராய்ச்சி நிலையத்தின் துறை மின்வேதியியல். ஆன்டிபாடி பூசிய மின்முனையில் குறிப்புரதம் ஒட்டினால் மின்னோட்டம் மாறும். அதை அளந்தே புரதத்தின் அளவைச் சொல்லிவிடலாம். வீட்டிலிருக்கும் குளுக்கோமீட்டரும் மின்வேதியியலின் பிள்ளைதான்.