அவையும் செவியும்

பலர் ஓரிடத்திற் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருதல் மனித நாகரிகத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. திருக்குறளிலே அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். சபையிற் பேசுவோன் எத்தகையவனாதல் வேண்டும் என்பதை அவ்வதிகாரங்கள் ஆராய்கின்றன. ஆயின், பேசுவோனும் கேட்போரும் ஒரே மொழியினர் என்பது அங்கே சொல்லாமலே கொள்ளப்பட்டது. பேசுவோன் ஒரு மொழியினன், கேட்போர் பல மொழியினர் என்றால் சபை எவ்வாறு நடைபெறும்? உலக மகாநாடுகள் பெருகிய இருபதாம் நூற்றாண்டிலே இது பெருவினாவாக எழுந்தது. அதற்கு விடை தேடிய முயற்சியில் ஒலிவாங்கியும், காதில் அணியும் கேள்கருவியும் மகாநாட்டு மண்டபத்தினுட் புகுந்தன. அவற்றின் பின்னே இணையமும் கணினியும் வந்துள்ளன. இக்கருவிகள் கூட்டங்களின் இயல்பை எவ்வாறு மாற்றின, அம்மாற்றத்தால் நன்மை பெற்றோர் யாவர், சுமை தாங்குவோர் யாவர் என்பன சிந்திக்கத்தக்கன.

எழுத்தைப் பெயர்ப்பவர் மொழிபெயர்ப்பாளர். பேச்சைப் பெயர்ப்பவர் உரைபெயர்ப்பாளர். துபாஷி என்று முன்னோர் குறித்தது இவரையே. இலங்கை நீதிமன்றங்களில் இப்பணி புரிபவரை முதலியார் என அழைக்கும் வழக்கமும் உண்டு. பன்மொழிச் சபை ஒன்றின் வரலாறு, ஒரு வகையில், இந்த உரைபெயர்ப்பாளரின் வரலாறே.

ஐரோப்பிய இராசதந்திரிகளிடையே நெடுங்காலம் பிரெஞ்சு மொழியே பொதுமொழியாக வழங்கிற்று. 1919ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற சமாதான மகாநாட்டிலே ஆங்கிலமும் அதனோடு சமநிலை பெற்றது. அதன் பயனாக, ஒவ்வொரு பேச்சும் இருமுறை கேட்க வேண்டியதாயிற்று. பேச்சாளர் பேசி அமர்ந்ததும், குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உரைபெயர்ப்பாளர் எழுந்து, அப்பேச்சு முழுவதையும் மற்றைய மொழியில் நிகழ்த்துவார். வரலாற்றாசிரியரான போல் மான்ரூ போன்றோர் இக்கலையில் வியத்தகு ஆற்றல் பெற்றிருந்தனர். ஆயினும், ஒரு மணி நேரக் கூட்டம் இரண்டு மணி நேரமாயிற்று. மூன்றாவது மொழியொன்று சேருமாயின் மூன்று மணி நேரமாகும்.

காலவிரயத்தினும் பெரிய குறையொன்று இருந்தது. அதே 1919ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் மகாநாடுகளிலே அரசாங்கப் பிரதிநிதிகளோடு முதலாளிமாரின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் ஒருங்கே அமர்ந்தனர். இராசதந்திரிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்றவர்கள். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்து, தொழிற்சங்கத்தின் வழியே மேலெழுந்து வந்தவர்களுக்கு அவ்வாய்ப்பு ஏது? தம்முடைய வேலை நேரத்தையும் கூலியையும் பற்றிய விவாதத்திலேயே அவர்களிற் பலர் வாயற்றவர்களாய் இருக்க நேர்ந்தது. மண்டபத்தில் ஆசனம் கிடைத்தது; பேச்சில் இடம் கிடைக்கவில்லை.

இக்குறையைத் தீர்க்க வழி கண்டவருள் முதன்மையானவர் எட்வேட் பைலீன் என்னும் அமெரிக்க வணிகர். பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே உரைபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் ஒலிவாங்கியிற் பேசினால், அக்குரலைக் கம்பிவழியே செலுத்தி, வேண்டியவர் காதில் மட்டும் கேட்கச் செய்யலாம் என அவர் கருதினார். பிரித்தானியப் பொறியியலாளராகிய கோர்டன் பின்லே அதற்குரிய கருவியை அமைத்தார். 1927ஆம் ஆண்டு ஜெனீவாவிலே சர்வதேசத் தொழில் மகாநாட்டில் அது பயன்பட்டது. பின்னர் ஐ.பி.எம். நிறுவனம் அதனை உற்பத்தி செய்தது. உடனிகழ் உரைபெயர்ப்பு என இன்று வழங்கும் முறை இவ்வாறு தொழிலாளர் அமர்ந்த சபையிலே முதலில் வேரூன்றியமை நினைவிற் கொள்ளத்தக்கது.

இம்முறை உலகறியத் தன் ஆற்றலை நிலைநாட்டியது நூரெம்பேர்க் நகரிலாகும். இரண்டாம் உலகப் போரின் பின், நாசித் தலைவர்களை விசாரித்த சர்வதேச இராணுவ நீதிமன்று 1945 நவம்பர் 20 முதல் 1946 ஒக்டோபர் 1 வரை அங்கே நடைபெற்றது. நீதிபதிகள் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாட்டினர், எதிரிகள் ஜேர்மானியர். ஆங்கிலம், பிரெஞ்சு, ருஷியம், ஜேர்மன் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முறைப்படி திருப்பிச் சொல்வதாயின், விசாரணை பல்லாண்டு நீண்டிருக்கும். தன் மீது சாட்டப்படும் குற்றத்தை விளங்கிக்கொள்ள இயலாதவனைத் தண்டிப்பதும் நீதியன்று. ஆதலின் லியோன் டொஸ்டேர் என்பவரின் பொறுப்பில் உடனிகழ் முறை அமைக்கப்பட்டது. கருவிகளை ஐ.பி.எம். இலவசமாக வழங்கிற்று.

கண்ணாடித் தடுப்புகளுக்குப் பின்னே உரைபெயர்ப்பாளர் அமர்ந்தனர். ஓர் அணிக்கு 12 பேராக மூன்று அணிகள் இருந்தன. ஓர் அணி ஏறத்தாழ 85 நிமிடம் பணிபுரிந்தபின் மற்றை அணி அதன் இடத்திற்கு வரும். ஒவ்வோர் ஆசனத்திலும் ஐந்து நிலைகளுள்ள ஆளி ஒன்று இருந்தது. முதல் நிலையில் பேச்சாளரின் சொந்தக் குரல். ஏனைய நான்கில் நான்கு மொழிகள். பேச்சாளர் விரைந்து பேசினால் மஞ்சள் விளக்கு எரியும். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அதன் பொருள். சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்த வேண்டும். வழக்கறிஞரும் நீதிபதியும் ஓர் உரைபெயர்ப்பாளரின் விளக்குக்குக் கட்டுப்பட்ட காட்சியை உலகம் அங்கேதான் கண்டது.

ஐக்கிய நாடுகள் சபை இம்முறையைப் பரீட்சித்து, 1947ஆம் ஆண்டில் நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. இன்று அங்கே ஆங்கிலம், பிரெஞ்சு, ருஷியம், ஸ்பானியம், சீனம், அரபு ஆகிய ஆறு மொழிகள் உத்தியோக மொழிகளாக உள்ளன. அரபு மொழி 1973ஆம் ஆண்டிற் சேர்ந்தது. ஒரு சிறிய கூண்டில் இருவரேனும் அமர்ந்து, 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுவது வழக்கம். ஒருவரே தொடர்ந்து பேசினால் மூளை களைத்துப் பிழைகள் மலியும்.

அக்களைப்பின் காரணத்தைத் தமிழ் வாக்கியம் ஒன்றே விளக்கிவிடும். "அரசாங்கம் விவசாயிகளுக்கு வழங்கிவரும் உரமானியத்தை இவ்வாண்டு நிறுத்தப்போவது இல்லை" என ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். ஆங்கில வாக்கியத்திலே வினையும் எதிர்மறையும் எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழிலோ அவை இறுதியில் வருகின்றன. உரைபெயர்ப்பாளர் அவசரப்பட்டு நடுவிலே வாயைத் திறந்தால், மானியம் நிறுத்தப்படும் என்று உலகத்துக்கு அறிவித்துவிடுவார். கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தாலோ, அடுத்த வாக்கியம் தொடங்கிவிடும். முன்னதை மனத்திற் சுமந்துகொண்டு, வருவதைக் கேட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டு இருப்பதே அவர் தொழில். சிங்கள மொழியும் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைப்பதால், அவ்விரு மொழிகளிடையே சொல்லொழுங்கு பற்றிய இடர்ப்பாடு குறைவு. இலங்கைக்கு இது ஓர் இயற்கைப் பேறு எனலாம்.

இலங்கையிலே இத்துறைக்கு நல்ல அத்திவாரம் இடப்பட்டுள்ளது. சீனாவின் அன்பளிப்பாகக் கொழும்பில் எழுந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மகாநாட்டு மண்டபம் 1973ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மகாநாடு 1976 ஓகஸ்ட் மாதம் அங்கே கூடிற்று. கோட்டேயில் 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுகின்றனர். உடனிகழ் உரைபெயர்ப்பு அவர்களை இணைக்கின்றது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987ஆம் ஆண்டு தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று; ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று.

ஆயினும், குடிமகன் அன்றாடம் செல்லும் கூட்டம் பாராளுமன்றமன்று. காணி, குடிநீர், மீன்பிடி, பாடசாலை ஆகியன பற்றிய கூட்டங்கள் செயலகங்களின் சிறு மண்டபங்களிலே நடைபெறுகின்றன. அங்கே கூண்டுமில்லை, கேள்கருவியுமில்லை. பேசப்படும் மொழி அறியாதவர், அருகிலிருப்பவர் இரக்கப்பட்டுக் காதிற் சொல்லும் சுருக்கத்தையே நம்பவேண்டும். அரைமணி நேரப் பேச்சு அவருக்கு அரை வாக்கியமாக வந்து சேர்கின்றது. வரவுப் பதிவேட்டிலே கையொப்பம் இருக்கும். கூட்ட அறிக்கையிலே அவர் சொல் இராது. அவர் சிங்களம் அறியாத தமிழராகவும் இருக்கலாம்; தமிழ் அறியாத சிங்களவராகவும் இருக்கலாம். 1927ஆம் ஆண்டில் ஜெனீவாவில் தொழிலாளரின் பொருட்டுத் தீர்க்க முற்பட்ட குறை, சிற்றூர்க் கூட்டங்களிலே இன்னும் தீரவில்லை.

இந்நிலையிலேதான் புதிய கருவிகள் வந்துள்ளன. தொலைவிலிருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசும் கனவு புதியதன்று. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே படத் தொலைபேசி ஒன்று மக்களுக்குக் காட்டப்பட்டது. செலவு மிகுதியால் அஃது அந்நாளிற் பரவவில்லை. 2020ஆம் ஆண்டு கொவிட் பெருந்தொற்று மண்டபங்களை மூடியபோது, உலகமே திரைக்கு முன் அமர்ந்தது. சூம் என்னும் சேவையிலே, ஒரு நாளிற் கூட்டங்களிற் சேர்வோரின் எண்ணிக்கை 2019 டிசம்பரில் ஏறத்தாழ 1 கோடியாக இருந்து, 2020 ஏப்ரலில் 30 கோடியாயிற்று. ஒருவர் பல கூட்டங்களிற் சேர்ந்தால் அவர் பலமுறை எண்ணப்பட்டார். அவ்வாண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் 75ஆவது அமர்விலே அரசுத் தலைவர்கள் முற்கூட்டியே பதிவு செய்த உரைகளை அனுப்பினர்.

இதன் நன்மைகள் வெளிப்படையானவை. விமானக் கட்டணமும் விசாவும் இன்றி, வறிய நாட்டு அறிஞர் ஒருவர் உலக மகாநாட்டிற் பேச முடிகின்றது. மொழிக் கூண்டுகளுக்குப் பதிலாக, திரையிலே மொழியைத் தெரிவு செய்யும் வசதி வந்துள்ளது. வேறு நகரிலுள்ள உரைபெயர்ப்பாளர் ஒருவர் வீட்டிலிருந்தே சிற்றூர்க் கூட்டமொன்றுக்கு உதவலாம். ஆனால் புதிய ஏற்றத்தாழ்வுகளும் உண்டு. கோடைகாலத்தில் நியூயோர்க்கில் பிற்பகல் 4 மணிக்குத் தொடங்கும் கூட்டம், கொழும்பில் இருப்பவருக்கு நள்ளிரவு கடந்து 1.30 மணிக்குத் தொடங்குகின்றது. இணைப்புச் சீராக இல்லாத ஊரில் இருப்பவரின் பேச்சு, இடையிடையே அறுந்து, பொருளற்றுப் போகின்றது.

பெரிய சுமை உரைபெயர்ப்பாளரின் செவியில் ஏறியது. தொலைபேசியின் ஒலி, செக்கனுக்கு 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளையே சுமந்து வருவது. சாதாரண உரையாடலுக்கு அது போதும். உடனிகழ் உரைபெயர்ப்புக்கோ, 125 முதல் 15,000 வரையான அதிர்வுகள் தேவை எனச் சர்வதேச நியமம் விதிக்கின்றது. இணையவழிக் கூட்டங்களில் ஒலி சுருக்கப்பட்டு வருவதாலும், தரங்குறைந்த ஒலிவாங்கிகளாலும், காதுக்குட் பாயும் திடீர் இரைச்சல்களாலும், உரைபெயர்ப்பாளர் பலர் தலைவலி, காதிரைச்சல், கேட்டல் குறைபாடு ஆகியவற்றுக்கு உள்ளாயினர். ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் உரைபெயர்ப்பாளர்கள் 2022ஆம் ஆண்டு, தொலைவிலிருந்து பேசும் உறுப்பினர்களுக்கு உரைபெயர்க்க மறுத்தனர். கனடாவின் பாராளுமன்றத்திலும் அதே ஆண்டு கூட்டமொன்றின் நடுவே பாதிப்புற்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர், உரிய தரமுள்ள ஒலிவாங்கி இன்றித் தொலைவிலிருந்து பேசுவோருக்கு உரைபெயர்ப்பு வழங்கலாகாது என்னும் கட்டுப்பாடு வந்தது. நூரெம்பேர்க்கில் எரிந்த மஞ்சள் விளக்குக்கு ஒப்பான காவல் ஒன்று இணையவழிக் கூட்டத்துக்கும் வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

இப்பொழுது உரைபெயர்ப்பாளரின்றியே உரைபெயர்க்கும் பொறிகளும் வந்துள்ளன. பொதுவாக இவை பேச்சை எழுத்தாக்கி, எழுத்தை வேறு மொழியாக்கி, அதனை மீண்டும் குரலாக்குகின்றன. மூன்று படிகளுள் முதலாவதில் நேரும் பிழை மற்றைய இரண்டையும் தொற்றிக்கொள்ளும். ஆட்பெயர், ஊர்ப்பெயர், தொகை, வட்டார வழக்கு, தமிழோடு ஆங்கிலம் கலந்த பேச்சு ஆகியவற்றில் இவை இடறக்கூடும். மனிதர் தடுமாறினால் குரலிலேயே தெரியும். மீண்டும் சொல்லுமாறு கேட்பார். பொறியோ பிழையையும் அதே சரளத்துடன் சொல்லும். மூலமொழி அறியாதவருக்கு அப்பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. நிகழ்ச்சி நிரலை அறிவதற்கும் வரவேற்புரையை விளங்குவதற்கும் பொறி உதவட்டும். காணி உரிமையோ, நோய்ச் சிகிச்சையோ, குற்றச்சாட்டோ பேசப்படும் இடத்திலே பொறுப்பேற்கும் மனிதர் ஒருவர் இருத்தல் இன்றியமையாதது.

ஆகவே, கூட்டம் ஒழுங்கு செய்வோர் கருதவேண்டியன சில உள. மண்டபத்தையும் சிற்றுண்டியையும் தீர்மானிக்குமுன், வருவோரின் மொழிகள் எவை எனக் கேட்டறிதல் முதற்கடமை. உரைகளையும் பெயர்ப் பட்டியலையும் எண்களையும் உரைபெயர்ப்பாளருக்கு முற்கூட்டியே கொடுத்தல் வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் இடையிடலாகாது. தலைவர் ஒவ்வொரு விடயத்தின் முடிவிலும் சற்றே நிறுத்தி, பிறமொழியினரின் கருத்தைக் கேட்டல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. பாராளுமன்றத்துக்குரிய கூண்டு இல்லாத ஊரிலும், பயிற்சி பெற்ற ஒருவரும் சில எளிய கேள்கருவிகளும் இருந்தாற் போதும். ஓரமாய் அமர்ந்து தலையசைத்துச் செல்பவர், தம் கிணற்றைப் பற்றியும் வலையைப் பற்றியும் தாமே எழுந்து பேசுவார்.

கேள்வி என்பதற்கும் திருவள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தார். கேட்பவரைச் செல்வம் உடையவராக அது மதிக்கின்றது. கருவிகள் எவ்வளவு மாறினும், ஒரு கூட்டத்தின் பயனை அளப்பதற்குரிய கோல் அதுவே. எத்தனை பேர் வந்தனர் என்று எழுதும் கூட்ட அறிக்கையிலே, எந்தெந்த மொழியினர் பேசினர், அவர்களுக்கு விடை கிடைத்ததா என்பதும் இனி ஒரு வரியாக இடம்பெறுதல் வேண்டும்.