ஆயுத பூஜைக்கு முந்தைய ராத்திரி, வாட்டர் சர்வீஸுக்குள்ளே!

இரவு மணி 11. கோவை அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. தெருமுனை வரைக்கும் வண்டி வரிசை! விடிந்தால் ஆயுத பூஜை. ஸ்கூட்டி, ஆட்டோ, குட்டியானை, போன மாசம் வாங்கிய புத்தம்புது கார் என்று எல்லாவற்றுக்கும் காலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு குளியல் போட்டாக வேண்டும்!

வருஷா வருஷம் இந்த வாட்டர் சர்வீஸ் வாசலில் காத்திருந்து, பளபளப்பாக வெளியே வரும் வண்டியை வாங்கிக்கொண்டு போகிறவள் நான். இந்த வருஷம் கடைக்கார அண்ணா, “வெளிய நின்னு என்ன பண்றீங்க, உள்ள வந்தே பாருங்க்கா” என்றார். அவ்வளவுதான்! சுடிதாரை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு ஓடியே போய்விட்டேன்.

உள்ளே நுரை, சாரல், மோட்டார் சத்தம், டீ வாசம். ஆறு பசங்க. ஒருத்தர் கையில் தண்ணீர் கன், ஒருத்தர் கையில் பிரஷ், ஒருத்தர் தோளில் துண்டு. யாரும் ஓடவில்லை, யாரும் அழுத்தித் தேய்க்கவில்லை. ஆனாலும் அரை மணிக்கு ஒரு கார் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. எப்படி?

முப்பது நிமிஷக் கணக்கு

கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். சக்கரங்களுக்கு 4 நிமிஷம். வெறும் தண்ணீர் அடிக்க 3. நுரை போட்டுவிட்டுச் சும்மா நிற்க 5. நுரையைக் கழுவ 2. கையால் கழுவ 8. மறுபடி தண்ணீர் 3. துடைக்க 5. கூட்டினால் சரியாக 30!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தச் சும்மா நிற்கும் 5 நிமிஷம்தான். வெளியே ஹாரன் அலறுகிறது, இவர்கள் டீ குடிக்கிறார்கள்! “நுரை வேலை செய்யுதுங்க்கா. இப்ப நாம கைய வெச்சாத்தான் கெடுதல்” என்றார் அண்ணா. நுரை மண்ணை நனைத்து, ஊற வைத்து, இளக்கி, மெல்ல வழிய விடுகிறது. அது காய்வதற்குள் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்தால் பாதி அழுக்கு தானாகவே இறங்கிவிடுகிறது. கை படாமல் போன மண்ணால் கோடு விழ வழியே இல்லை!

தண்ணீர் அடிப்பதிலும் ஒரு பதம் உண்டு. கன்னின் முனை வண்டியிலிருந்து ஓர் அடிக்குக் குறையாமல் தள்ளியே இருக்கிறது. விசிறி போல் விரியும் நாசில்தான் மாட்டியிருக்கிறார்கள். ஊசி போல் ஒரே கோடாகப் பாயும் நாசில், ஏற்கெனவே கல் தெறித்துப் பெயர்ந்த இடத்தில் பட்டால் பெயின்ட்டை உரித்தே எடுத்துவிடுமாம். கதவு ரப்பர், ஸ்டிக்கர் பக்கமெல்லாம் அந்தக் கை தானாக விலகிப் போகிற அழகைப் பார்க்க வேண்டுமே!

டார்ச் வெளிச்சத்தில் ஒரு ரகசியம்

அடுத்தடுத்து இரண்டு கறுப்பு கார்கள். டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னின. அண்ணா செல்போன் டார்ச்சை அடித்தார். முதல் காரின் பானட்டில் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக ஆயிரம் கோடுகள்! இரண்டாவது காரில் டார்ச்சின் முகம் மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“மொத வண்டிய டெய்லி காலைல வறட்டுத் துணில தூசி தட்டுவாங்களாமா. அடுத்தது வாரத்துக்கு ஒருக்கா மட்டும் தண்ணி பாக்கும்” என்றார். தினமும் துடைத்த வண்டியில் கோடு, வாரம் ஒருமுறை கழுவிய வண்டியில் பளபளப்பு!

காரணம் எளிது. காரின் தகட்டுக்கு மேல் துரு பிடிக்காமல் காக்கும் பூச்சு, பிரைமர், நிறம், கடைசியாக ஒளி ஊடுருவும் கிளியர் கோட் என்று வரிசையாக அடுக்குகள். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நாம் தொட்டு ரசிக்கும் அந்தக் கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும்! முடியைவிட மெல்லிய அந்தப் படலத்தின் மேல் ரோட்டு மணலை வைத்து வறட்டுத் துணியால் இழுத்தால் என்ன ஆகும்? பாலிஷ் போட்டுக் கோட்டை மறைக்கலாம். ஆனால் பாலிஷ் என்பதே அந்தப் படலத்தை இன்னும் கொஞ்சம் சீவி எடுப்பதுதான்.

தூசி படிந்த வண்டிக்குக் கவர் போடுவதும் இதே கதை. காற்று வீசும்போதெல்லாம் கவர் அந்தத் தூசியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ரெண்டு பக்கெட், புரட்டும் துண்டு

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி! ஒரு பக்கெட்டில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மெத்தென்ற கையுறையை ஷாம்பில் முக்குகிறார்கள். கூரையில் ஒரு பகுதியைக் கழுவுகிறார்கள். உடனே வெறும் தண்ணீரில் அலசிப் பிழிகிறார்கள். அப்புறம்தான் மறுபடி ஷாம்பு. முடிந்ததும் அந்த வெறும் தண்ணீர் பக்கெட்டைச் சாய்த்துக் காட்டினார் ஒரு தம்பி. அடியில் மணல்! பக்கெட் ஒன்றே ஒன்றாக இருந்திருந்தால் அது முழுக்க மறுபடி பானட்டுக்குப் போயிருக்கும்.

கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பகுதி என்பது வரிசை. சக்கரத்துக்குத் தனிப் பக்கெட், தனித் துணி. பிரேக் தேய்ந்து உதிரும் இரும்புத் துகள் அங்கேதான் படிகிறது. அந்தத் துணி மேலே ஏறவே கூடாது.

மூலையில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட். திருப்பூர் பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கா பஞ்சம்! ஆனால் அது என்ஜின் கிரீஸ் துடைக்க மட்டும். அதன் தையல் விளிம்புகூடப் பெயின்ட்டில் கோடு போடும் என்பதால், மேலே படுவதெல்லாம் மைக்ரோஃபைபர். எட்டாக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் புரட்டி அடுத்த பக்கம். தரையில் விழுந்த துண்டு, விழுந்த நொடியே ஓய்வு பெறுகிறது! பருத்தித் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்கிறார்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்ப்பதில்லை. அது இழைகளில் படிந்து உறிஞ்சும் குணத்தைக் கெடுத்துவிடும்.

உப்புத் தண்ணிக்கு ஒரு தந்திரம்

கடையில் போர் தண்ணீர்தான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் காய்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். வெயிலில் காய்ந்தால் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த 5 நிமிஷத் துடைப்பு அவ்வளவு சுறுசுறுப்பு! பெரிய துண்டை விரித்துப் போட்டு மெல்ல இழுக்கிறார்கள், தண்ணீர் மாயமாகிறது.

வீட்டில் கழுவுகிறவர்களுக்கு அண்ணா ஒரு யோசனை சொன்னார். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைக் கடைசி அலசலுக்கு வைக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு மிகக் குறைவு. துண்டை அதில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் புள்ளியே நிற்காது!

துணி துவைக்கும் பவுடருக்கும் பாத்திரம் விளக்கும் திரவத்துக்கும் இந்தக் கடையில் இடமில்லை. அவை அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். அடிப்பாகத்துக்கு டீசல் அடிக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள், ரப்பர் புஷ் ஊதிக் கெட்டுவிடுகிறது என்று.

பொட்டு வைத்த பிறகு

மணி 4. கடைசி வண்டி வெளியே போகிறது. வாழைக்கன்று கட்ட செல்லோடேப் தேடிய ஒருவரைத் தம்பி தடுத்தார். வெயிலில் அந்தப் பசை உருகி ஒட்டிக்கொள்ளும். நூல் போதும், அதுவும் கம்பிவலையில். கற்பூரத் தட்டைச் சுற்றிக் காட்டலாம், பானட் மேல் வைக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் சக்கரத்தோடு இருக்கட்டும், அதன் புளிப்புச் சாறு பெயின்ட்டுக்கு ஆகாது. காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை 5 நிமிஷம் போர்த்தி வைத்தால் இளகி வந்துவிடும். காக்கை எச்சத்துக்கும் இதேதான் வைத்தியம், ஆனால் அதை அன்றைக்கே செய்துவிட வேண்டும்.

நேரமே இல்லையா? ஒரு பக்கெட் போதும். கழுவி விடத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் திரவம் கடைகளில் கிடைக்கிறது. நான் பார்த்த பாட்டிலில் 256 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு என்று இருந்தது. லேசான தூசிக்கு மட்டும்தான் இது. முதலில் தெளித்து நனைத்துவிட்டு, நாலைந்து மைக்ரோஃபைபர் துண்டுகளை அதில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது மடிப்பு. 15 நிமிஷத்தில் வண்டி தயார்! சேறு அப்பியிருந்தால் மட்டும் தண்ணீர் அடித்தே தீர வேண்டும்.

விடியும்போது கடைக்கார அண்ணா பொரியும் கடலையும் கொடுத்தார். ராத்திரி முழுக்க நான் கற்றது ஒன்றுதான்: கை படும் முன்னே மண் போக வேண்டும். அவசரத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம். ஐந்து நிமிஷம் மிச்சம் பிடிக்க வறட்டுத் துணியை எடுத்தால், அந்தக் கோடு வண்டியின் ஆயுள் முழுக்கக் கூடவே வரும்.

நாளைக் காலை வண்டிப் பக்கம் போகும்போது துணியைக் கீழே வையுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றுங்கள்!